நீரின் வழியே நோயின் வேர் தேடிய இராபர்ட் கோக்

காங்கேயத்தில் காளையின் அருமை அறியாதார் இலர். காலையில் நலமாய் மேய்ந்த மாடு மாலைக்குள் விழுந்து மடியும் அடைப்பான் நோயின் கொடுமையையும் நம் முதியோர் நன்கு அறிவர். அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே என்று 1876-இல் மெய்ப்பித்தவர் இராபர்ட் கோக். ஆற்று நீரில் நோய்க் கிருமி எங்கிருந்து வந்து சேர்கிறது என்று தேடிக் காணும் முறைக்கு வழிவகுத்தவரும் அவரே என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும். அதனை இங்குக் காண்போம்.

ஜெர்மனியின் கிளவ்ஸ்தால் என்னும் சுரங்க ஊரில் 1843 டிசம்பர் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1866-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ஹாம்பர்க் நகர மருத்துவமனையில் சிறிது காலம் பணியாற்றியபோது வாந்திபேதி எனப்படும் காலராவை நேரில் கண்டார். பின்னர் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசு மருத்துவராய் அமர்ந்து, நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆய்வு செய்தார். பல்கலைக்கழகமோ பெரிய ஆய்வுக்கூடமோ அவருக்குத் துணையில்லை. ஓர் உருப்பெருக்கியும் சில எலிகளுமே அவர் கருவிகள். அடைப்பான் ஆய்வின் புகழ் 1880-இல் அவரைப் பெர்லினுக்கு அழைத்துச் சென்றது. 1882 மார்ச் 24-ஆம் நாள் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. ஆற்று நீரில் ஒரு சிறு அளவை இளஞ்சூட்டில் உருகிய ஜெலட்டினோடு கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றிவிடுவார். அது இறுகியபின் ஒவ்வொரு கிருமியும் இருந்த இடத்திலேயே பெருகி ஒரு புள்ளியாய்த் தெரியும். புள்ளிகளை எண்ணினால் கிருமிகளை எண்ணியதாகும். கண்ணுக்குத் தெரியாததை எண்ணிக்கைக்குள் கொண்டுவந்த இவ்வருஞ்செயலுக்கு உரிய புகழ் இன்றும் முழுமையாகக் கிட்டவில்லை என்பது நம் கருத்து.

1883-இல் எகிப்தில் காலரா பரவியது. அங்குச் சென்ற கோக், அவ்வாண்டு இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்த மக்கள் அதிலேயே குளித்தனர், துணி துவைத்தனர், குடிநீரும் அதிலேயே முகந்தனர். நோயால் இறந்தவரின் துணியும் அதில் அலசப்பட்டது. அக்குளத்து நீரில், நோயாளிகளின் குடலில் கண்ட அதே வளைந்த கிருமியை 1884-இல் அவர் கண்டார். இத்தாலியரான பாசினி 1854-இலேயே இக்கிருமியைப் பார்த்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1890-இல் காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாகக் கோக் அறிவித்தார். அதன் உட்பொருளையும் மறைத்து வைத்தார். மருந்து பயன் தரவில்லை. அவர் சொல்லின் மதிப்பும் குன்றியது. அந்நிலையில்தான் 1892 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா வெடித்தது. துறைமுக வணிகம் கெடுமே என்று அஞ்சிய நகர ஆட்சியாளர் நோயை ஒப்புக்கொள்ளத் தாமதித்தனர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே வீடுகளுக்கு அனுப்பியது. நீர் எடுத்த இடம் நகருக்கு மேற்புறம்தான். ஆயினும் கடல் ஏற்றத்தின்போது நகரின் கழிவு மேல்நோக்கி ஏறி வரும். அடுத்திருந்த அல்டோனா நகரோ ஹாம்பர்க்கின் கழிவு முழுதும் கலந்தபின் கீழ்ப்புறத்தில் நீர் எடுத்தது. ஆனால் மணல் வடிகட்டியில் தேக்கி வடித்தபின்னரே வழங்கியது. அழுக்கு மிகுந்த நீரை எடுத்த நகரில் சாவு குறைவு. இரு நகரங்களும் ஒட்டிய எல்லைத் தெருவில் ஒரே மண், ஒரே காற்று. ஹாம்பர்க் குழாய் சென்ற பக்கம் நோய் நின்றது. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் அல்டோனா நீர் பெற்ற ஒரு குடியிருப்பு தப்பியது.

மியூனிக் நகர அறிஞர் பெட்டன்கோபர் இதனை ஏற்கவில்லை. மண்ணின் நிலையே நோய்க்கு மூலம் என்று காட்ட, அக்டோபரில் காலராக் கிருமிகளைத் தாமே குடித்தார். சிறு வயிற்றுப்போக்கோடு தப்பினார். ஒருவர் தப்பியது ஓர் ஊரின் கணக்கை மாற்றிவிடாது என்றே நாம் கருதுகிறோம்.

1893 தொடக்கத்தில் அல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. எதிர்ப்பாளர்க்கு இது நல்வாய்ப்பாயிற்று. கோக் நாள்தோறும் எடுக்கப்பட்ட கிருமிக் கணக்குகளை ஆராய்ந்தார். வடித்த நீரில் எண்ணிக்கை ஏறிய காலம் தெரிந்தது. கடுங்குளிரில் துப்புரவு செய்யும்போது மணல் உறைந்து ஒரு வடிகட்டி கெட்டிருந்தது. ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் தனித்தனியே அன்றாடம் சோதிக்க வேண்டும், ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிகளுக்கு மேல் இருத்தலாகாது என்று அவர் வரையறுத்தார்.

காங்கேயத்துக்கு வடக்கே ஓடும் நொய்யலை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதை உழவர் கண்ணால் கண்டு வழக்காடினர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயத்துக்கு நிறம் உண்டு. சாக்கடை வழி சேரும் கிருமிக்கு நிறமில்லை. வழக்காடவும் எவரும் வருவதில்லை. குளிப்பதற்குரிய நீரில் 100 மில்லி லிட்டருக்குக் கோலிபார்ம் 500-க்கு மிகலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. ஒவ்வொரு ஓடை கலக்குமிடத்துக்கும் மேலும் கீழும் நீர் முகந்து எண்ணிப் பார்த்தால், எண்ணிக்கை எங்கு ஏறுகிறதோ அங்கு வாயில் இருக்கிறது. நம் கல்லூரி மாணவரும் செய்யத்தக்க வேலைதான் இது.

கோக் பின்னர் ஆப்பிரிக்காவில் உறக்க நோயை ஆராய்ந்தார். 1905-இல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27-ஆம் நாள் பாடன்-பாடனில் காலமானார். அவருடைய சாம்பல், அவர் பெயரால் பெர்லினில் விளங்கும் ஆய்வு நிறுவனத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.