மத்திய கொழும்பின் தொழிலாளரும் ஏ. ஈ. குணசிங்கவும்

கொழும்பு மருதானைச் சந்தியில் இன்று நிற்பவர்களுக்கு அது ஒரு காலத்தில் தொழிலாளர் கோட்டையாக விளங்கியது என்பதை நம்புவது கடினமாக இருக்கலாம். புகையிரதத் தொழிற்சாலைகள் அங்கு இருந்தன. பின்னர் அவை இரத்மலானைக்கு மாற்றப்பட்டன. கோட்டையிலிருந்து புறப்பட்ட ட்ராம் வண்டிகள், ஒரு பாதையில் மருதானை ஊடாகப் பொரளைக்கும் மறு பாதையில் கிராண்ட்பாஸுக்கும் ஓடின. ஆனந்தா, சாஹிரா, சென். ஜோசப் என மூன்று சமயத்தவரின் கல்லூரிகளும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்திருந்தன. 1911 இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் நாடகங்கள் மேடையேறின. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு ஆகிய அயற்பகுதிகளின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், பறங்கியர், மலையாளிகள் அனைவரும் அருகருகே வாழ்ந்தனர். இந்த மக்களை முதன்முதலில் ஒரே சங்கத்தின் கீழ் திரட்டியவர் ஏ. ஈ. குணசிங்க. அவர்களிடையே இனப் பிளவு ஏற்பட வழிகோலியவர்களுள் முக்கியமானவரும் அவரே. அவரது வாழ்வை நாம் இன்றும் நினைவுகூர வேண்டியிருப்பது இவ்விரண்டின் பொருட்டுமேயாகும்.

அலெக்சாண்டர் ஏகநாயக்க குணசிங்க 1891 மே 1 இல் கண்டியில் பிறந்தார். பிற்காலத்தில் தொழிலாளர் தினமாக இலங்கையில் கொண்டாடப்பட்ட நாளிலேயே ஒரு தொழிலாளர் தலைவர் பிறந்தது தற்செயலே எனினும், அவரது ஆதரவாளர்கள் அதைப் பெருமையாகவே கருதியிருப்பர். சிறிது காலம் புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய அவர், 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிறையிலடைக்கப்பட்டார். அதன் பின் இளம் இலங்கையர் கழகத்தின் மூலம் தலைவரிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். ஆண்டுக்கு இரண்டு ரூபா செலுத்த முடியாத ஏழை வீதியில் வேலை செய்து அதை ஈடுசெய்ய வேண்டும் என்பது அவ்வரியின் விதி. குணசிங்க வரி செலுத்த மறுத்து, வீதி வேலையைத் தாமே ஏற்றார். விரைவில் அந்த வரி ஒழிக்கப்பட்டது.

1922 இல் இலங்கைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் புகையிரதத் தொழிற்சாலைகளில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் துறைமுகத்துக்கும் ஏனைய தொழிலகங்களுக்கும் பரவி, சுமார் 20,000 தொழிலாளரை உள்ளடக்கிய பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. வெற்றி கிட்டவில்லை. ஆயினும் வேறு வேறு மொழி பேசுவோரும் ஒரே நாளில் வேலையை நிறுத்த முடியும் என்பதை முதலாளிமார் கண்டுகொண்டனர். 1927 இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதும் அவர்தாம் முன்னின்றார். அத்தொழிலாளரிற் பெரும்பாலானோர் இந்தியத் தமிழர். பின்னாளில் மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட கோ. நடேசய்யர் அப்போது சங்கத்தின் உப தலைவர்களுள் ஒருவராக இருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சர்வசன வாக்குரிமை வேண்டும் என்று உரத்துக் கேட்டவர்களும் இவர்களே. சேர். பொன். இராமநாதன் முதற்கொண்டு சிங்கள, தமிழ் மேட்டுக்குடித் தலைவர்கள் பலர் அதை விரும்பவில்லை. 1931 இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, மருதானைச் சேரிகளில் வாழ்ந்தவர்களும் முதன்முறையாக வாக்காளராயினர்.

1929 இல் ட்ராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனம் சங்கத்தை அங்கீகரித்து உடன்படிக்கை செய்துகொண்டது. முன்னறிவித்தலின்றி வேலைநிறுத்தம் செய்வதில்லை எனச் சங்கமும் உறுதியளித்தது. கிளர்ச்சிக்காரர் சமரசம் பேசுபவராக மாறியது இங்கிருந்துதான் என நாம் கருதுகிறோம்.

அப்போதுதான் உலகப் பொருளாதார மந்தம் இலங்கையையும் தாக்கியது. கொழும்பில் வேலையிழந்தோர் பெருகினர். குறைந்த கூலிக்கு உடன்படுபவர்களைத் தேடிய முதலாளிகளுக்குக் கேரளத்திலிருந்து வந்த மலையாளிகள் கிடைத்தனர். கூலியைக் குறைத்தவர் முதலாளி. குணசிங்கவின் கோபமோ மலையாளியின் மீது பாய்ந்தது. அவரது வீரய பத்திரிகையும் கூட்டங்களும் மலையாளிகளை நாட்டிலிருந்து அகற்ற வேண்டும் எனவும், அவர்களின் கடைகளைப் பகிஷ்கரிக்க வேண்டும் எனவும் வற்புறுத்தின. நடேசய்யர் 1920 களின் இறுதியிலேயே இந்தியத் தொழிலாளர் பற்றிய முரண்பாட்டால் அவரை விட்டு விலகியிருந்தார்.

1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் இது வெளிப்படையாயிற்று. நாட்டின் மிகப்பெரிய நெசவாலை அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த அங்கு, மலையாளிகளே பெருந்தொகையினர். கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலான வாலிபர் இயக்கத்தினர் தலைமை தாங்கினர். குணசிங்கவோ வேலைநிறுத்தத்தை முறியடிக்க மாற்றாட்களை அனுப்பினார். பத்தாண்டுகளுக்கு முன்னர் புகையிரதத் தொழிலாளருக்காக நின்ற அதே மனிதர் இவ்வாறு செய்தது அவரைப் பின்பற்றியோர் பலரையே திகைக்க வைத்தது. அவ்வாலிபர்கள் 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். நகரத் தொழிலாளரிற் பலர் நாளடைவில் அவர்கள் பக்கம் சாய்ந்தனர்.

வேலையற்ற சிங்களத் தொழிலாளரின் பசி உண்மையானது, அதை எடுத்துரைக்க ஒருவர் வேண்டியிருந்தது என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆலையில் ஒரே கூலிக் குறைப்புக்கு ஆளானவர்களைப் பிரித்ததால் எவருடைய கூலியும் உயர்ந்துவிடவில்லை. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் முடிவு வந்தது. நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பயனில்லை. இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. யுத்த காலத்தில் மலையாளிகள் பெரும் எண்ணிக்கையில் ஊர் திரும்பினர்.

குணசிங்க 1940 இல் கொழும்பு மேயரானார். 1947 தேர்தலில், பல இனத்தவரும் வாழும் தொகுதி என்பதனால் மூன்று உறுப்பினரைத் தெரிவு செய்யும் வகையில் வகுக்கப்பட்ட மத்திய கொழும்பில் அவர் வென்றார். அவருடன் தெரிவானவர்கள் மலாயரான ரி. பி. ஜாயாவும், பறங்கியரும் கம்யூனிஸ்டுமான பீற்றர் கெனமனும் ஆவர். டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் இடம்பெற்ற அவர், பின்னர் பர்மாவிலும் இந்தோனேசியாவிலும் தூதுவராகப் பணியாற்றி, 1967 இல் காலமானார்.

வாழைத்தோட்டத்தில் வளர்ந்து, 1950 இல் அவரது தொழிற்கட்சியின் சார்பில் மாநகர சபைக்குத் தெரிவான இளைஞர் ஒருவர் பின்னர் நாட்டின் ஜனாதிபதியானார். அவர்தாம் ஆர். பிரேமதாச. வெள்ளவத்தை நெசவாலை மூடப்பட்டு, அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிட்டி என்னும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ட்ராம் வண்டிகள் 1960 இல் ஓய்ந்தன. புறக்கோட்டைக்கு அருகே குணசிங்கபுரவில் அவரது சிலை நிற்கிறது; அதைச் சூழவுள்ள தெருக்களில் இன்றும் மூன்று மொழிகளும் ஒலிக்கின்றன.