கோரிங்கின் சிரிப்பும் ஜக்சனின் ஆவணங்களும்

எதிரிக் கூண்டில் இருப்பவர் சாட்சியைப் பார்த்துச் சிரிப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சொற்பொழிவாற்றுவார். பாதிக்கப்பட்ட உறவுகளோடு வழக்குத் தவணைகளுக்குப் போய்வருகிற எனக்கு இது புதிதல்ல. வெளியே வந்ததும் அம்மாமார் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். நீதிபதி பார்த்துக்கொண்டுதானே இருந்தார், ஏன் அவரைப் பேசவிட்டார்? அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு றொபேர்ட் ஜக்சன் நினைவுக்கு வருவார்.

ஜக்சன் 1892 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். சட்டக் கல்லூரியில் ஒரு வருடம் மட்டுமே படித்தார். மிகுதியை ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை பழகியே கற்றார். நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்ரவுன் என்ற சிறு நகரில் இருபது வருடங்களுக்கு மேல் சாதாரண மக்களின் வழக்குகளைப் பேசினார். பிறகு வாஷிங்டனுக்குப் போய் 1940 இல் சட்டமா அதிபரானார். 1941 இல் உயர் நீதிமன்ற நீதியரசரானார்.

முள்வேலி முகாமைக் கண்ட எங்களுக்கு அவரை நெருக்கமாக்குவது 1944 டிசம்பரில் அவர் எழுதிய ஒரு தீர்ப்பு. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அந்த வெளியேற்றம் சட்டப்படி சரியானதே என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். மாறுபட்ட மூவரில் ஜக்சனும் ஒருவர். பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவதை நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அது அடுத்த ஆட்சியாளருக்குக் கையில் எடுத்துக் கொடுத்த ஆயுதமாகிவிடும் என்பது அவரது வாதம்.

1945 மே மாதம் ஜனாதிபதி ட்ரூமன், நாசித் தலைவர்களுக்கு எதிரான வழக்கில் அமெரிக்காவின் தலைமை வழக்குத்தொடுநராக அவரை நியமித்தார். அந்த ஓகஸ்டில் லண்டனில் தீர்ப்பாயத்தின் சாசனம் கைச்சாத்தானது. எதிரிகள் அடாவடி செய்தால் என்ன செய்வது என்பதற்கும் அதில் வழி இருந்தது. அவர்களை மன்றிலிருந்து வெளியேற்றவும் தண்டிக்கவும் நீதிபதிகளுக்கு 18ஆம் உறுப்புரை அதிகாரம் கொடுத்தது. அதே சாசனத்தின் 16ஆம் உறுப்புரை, தன்மீதான குற்றச்சாட்டுக்கு விளக்கம் சொல்லும் உரிமையை எதிரிக்குக் கொடுத்தது. நியூரம்பேர்க்கில் நடந்த இழுபறியெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எதிரிக் கூண்டின் முதல் வரிசையில் முதல் இருக்கை ஹேர்மன் கோரிங்குக்கு. ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், விமானப்படைத் தளபதி. 1945 நவம்பர் 21 அன்று குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டபோது அவர் அறிக்கை வாசிக்கத் தொடங்கினார். தலைமை நீதிபதி ஜெப்ரி லோறன்ஸ் உடனே நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுமாறு சொன்னார். ருடொல்ப் ஹெஸ் வெறுமனே இல்லை என்று கத்தினார். அதையே சுற்றவாளி என்ற பதிலாகப் பதியச் சொல்லிவிட்டு லோறன்ஸ் அடுத்தவரிடம் போனார். மற்ற எதிரிகளைக் கோரிங் மிரட்டித் தன் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தார். அதனால் 1946 தொடக்கத்தில் மதிய உணவின்போது அவரைத் தனியே இருத்தினார்கள்.

மார்ச் 18 அன்று ஜக்சன் கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினார். கோரிங் ஒவ்வொரு கேள்வியையும் மேடையாக்கினார். மறுநாள் ஜக்சன் ஒரு ஆவணத்தை நீட்டினார். அதில் ரைன்லாந்துப் பிரதேசத்தை விடுவிப்பது பற்றி எழுதியிருப்பதாக அவர் விளங்கியிருந்தார். உண்மையில் படைதிரட்டலுக்காக ரைன் ஆற்றில் கப்பல்களை அகற்றி வழிவிடுவது பற்றியே அது பேசியது. மொழிபெயர்ப்பின் அந்தப் பிழையைக் கோரிங் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டினார். இந்த ஏற்பாடுகளை ஏன் இரகசியமாக வைத்தீர்கள் என்று ஜக்சன் கேட்க, அமெரிக்கா தன் படைதிரட்டலைப் பகிரங்கமாக அறிவித்ததாகத் தான் வாசித்ததில்லை என்று கோரிங் குத்தலாகச் சொன்னார். ஜக்சனின் பொறுமை போய்விட்டது. காதில் இருந்த கருவியைக் கழற்றி எறிந்தார். எதிரியின் திமிரைக் கட்டுப்படுத்தும்படி மன்றிடம் முறையிட்டார். அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் காலையும் அதையே முறையிட்டார். அமெரிக்காவைக் கோரிங் இழுத்தது தேவையற்றது என்று ஒப்புக்கொண்ட லோறன்ஸ், அதைக் கவனிக்காமல் விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்.

அன்றைய நிலையில் வென்றவர் கோரிங்தான். ஆனால் ஜக்சன் வழக்கைக் கோரிங்கின் வாய்க்கு மேல் கட்டியிருக்கவில்லை. நாசிகள் தாங்களே எழுதி, கையெழுத்திட்டு, கோப்பில் போட்டுவைத்த ஆவணங்களே வழக்கின் அடித்தளமாக வேண்டும் என்று அவர் ஆரம்பத்திலேயே முடிவெடுத்திருந்தார். அன்று அந்த ஆவணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1938 நவம்பர் 12 அன்று கோரிங் தலைமை தாங்கிய கூட்டக்குறிப்பு வந்தது. யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்ட பிறகு, அவர்கள் மீதே 100 கோடி மார்க் தண்டம் விதித்த கூட்டம் அது. யூதப் பிரச்சினைக்கு முழுமையான தீர்வை ஏற்பாடு செய்யும்படி ஹைட்ரிக்குக்கு 1941 ஜூலை 31 அன்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பில் கோரிங் மறுபடியும் பிழை பிடித்தார். கையெழுத்து தன்னுடையதல்ல என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அம்மாமார் கேட்கும் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இங்கேதான் இருக்கிறது. எதிரியின் திமிர் ஒரு உத்தி. சாட்சி உடைய வேண்டும், சட்டத்தரணி கோபப்பட வேண்டும், குற்றத்தை விட்டு எல்லாரும் அவரையே பார்க்க வேண்டும். சாட்சியை மிரட்டினால் நீதிபதி தடுத்தே ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் வெறும் திமிர்ப் பேச்சு பதிவாகட்டும். வாயை அடைத்திருந்தால், தன்னைப் பேசவிடவில்லை என்ற பழியைக் கோரிங் இன்றுவரை விட்டுப்போயிருப்பார். உங்கள் கையில் உள்ள முறைப்பாட்டுப் பிரதி, பதிவுத் துண்டு, திகதியிட்ட கடிதம் இவையெல்லாம் அவருடைய சிரிப்பைவிட நீண்ட நாள் இருக்கும்.

நியூரம்பேர்க்கைக் கோயிலாக்கவும் நான் விரும்பவில்லை. அங்கே கூண்டில் நின்றவர்கள் தோற்றவர்கள். சோவியத் படை கற்றினில் செய்த கொலைகளை ஜேர்மனியர் தலையில் கட்டும் முயற்சியும் அங்கே நடந்தது. இந்தச் சட்டம் தீர்ப்பளிக்கும் நாடுகளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஜக்சன் தன் தொடக்க உரையிலேயே வலியுறுத்தினார். வென்ற தரப்பிடம் நீதி கேட்டு நிற்கிற எங்களுக்கு, அவர் விட்டுப்போனதில் மிகவும் தேவையானது அதுதான். அது இன்னும் நிறைவேறவில்லை.

1946 ஒக்டோபர் 1 அன்று கோரிங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கிலிடப்படுவதற்குச் சற்று முன்னர், 15ஆம் திகதி இரவு நஞ்சு அருந்தி இறந்தார். ஜக்சன் உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். 1954 மே 17 அன்று, பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்ற ஏகமனதான தீர்ப்பு வாசிக்கப்பட்டது. மாரடைப்பால் வைத்தியசாலையில் இருந்த அவர் அன்று எழுந்துவந்து ஆசனத்தில் அமர்ந்தார். அந்த ஒக்டோபர் 9 அன்று, 62 வயதில் காலமானார். நியூரம்பேர்க் வழக்கின் பதிவுகளும் ஆவணங்களும் 42 தொகுதிகளாக அச்சிடப்பட்டன. கோரிங்கின் குத்தல் பேச்சும் ஜக்சனின் கோபமும் அவற்றில் இருக்கின்றன. அந்தக் கடிதமும் கையெழுத்தும் அங்கேயே இருக்கின்றன.