கூபா நகரத்து ஜவுளி வியாபாரி

பையன் எந்த வயதிலிருந்து நோன்பு பிடிக்க வேண்டும்? எப்போதிலிருந்து தொழுகை கட்டாயம்?

சேலம், நாமக்கல் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால், பெரியவர்கள் இமாம் அபூஹனீபாவின் பெயரைச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் அவருடைய ஹனபி வழியைப் பின்பற்றுகிறவர்களே அதிகம்.

அபூஹனீபா 699-ம் ஆண்டில், ஈராக் நாட்டில் உள்ள கூபா நகரில் பிறந்தார். இயற்பெயர் நுஃமான். தொழில், பட்டுத் துணி வியாபாரம். (சேலத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும்!) ஒரு முறை அவருடைய கூட்டாளி, துணியில் இருந்த பழுதைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்று தெரியவில்லை. அந்தப் பணம் முழுவதையும் இமாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

கடையும் நடந்தது, படிப்பும் நடந்தது. ஹம்மாத் என்ற ஆசிரியரிடம் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார். ஆசிரியர் காலமானதும் அவர் இடத்தில் அமர்ந்தார். மாணவர்கள் தேடி வந்தார்கள். அவர்களில் அபூயூசுப் பரம ஏழை. அவர் குடும்பச் செலவுக்கு இமாமே பணம் கொடுத்தார்.

சிறுவர் கேட்ட கேள்வி

ஒரு நாள் முகம்மது ஷைபானி என்ற சிறுவர் வந்தார். வயது 14 இருக்கும். இஷா என்னும் இரவுத் தொழுகையை முடித்துவிட்டுத் தூங்கிய பையன், அந்த இரவிலேயே பருவம் அடைந்துவிட்டால் மறுபடியும் தொழ வேண்டுமா என்று கேட்டார்.

ஆமாம், தொழ வேண்டும் என்றார் இமாம்.

சிறுவர் எழுந்தார். பள்ளிவாசலின் ஒரு மூலைக்குப் போய்த் தொழுதார். கேள்வி யாரைப் பற்றியது என்பது விளங்கிவிட்டது!

ஏன் மறுபடியும் தொழ வேண்டும்? முதலில் தொழுதபோது அவர் குழந்தை. குழந்தைக்குத் தொழுகை கடமை அல்ல, பழக்கம்தான். அதற்காகவே ஏழு வயதில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார் நபிகள் நாயகம். இஷாவின் நேரமோ விடியும்வரை இருக்கிறது. அது முடியுமுன் பருவம் வந்தது. கடமையும் கூடவே வந்தது.

சரி, பருவக்குறி எதுவும் தோன்றாவிட்டால்? ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று இமாம் கணக்குச் சொன்னார். அபூயூசுப்பும் முகம்மதும் இதை ஏற்கவில்லை. சோறு போட்ட ஆசிரியர் ஆயிற்றே என்று தயங்கவும் இல்லை. இருவருக்கும் 15 என்றார்கள். இப்னு உமர் என்பவர் 14 வயதில் உஹது போருக்கு வந்தபோது நபிகள் சேர்க்கவில்லை. 15 வயதில் அகழ்ப்போருக்கு வந்தபோது சேர்த்துக்கொண்டார். இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். பிற்கால ஹனபி அறிஞர்களும் மாணவர்கள் சொன்ன 15-ஐயே எடுத்துக்கொண்டார்கள்.

இது பிறைக் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. நம் காலண்டர்படி 14 வயது ஆறரை மாதம்தான். பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்து எண்ணுகிறவர்கள் ஐந்தரை மாதம் பிந்திவிடுவார்கள்.

பதவி வேண்டாம்

கலீபா மன்சூர், அபூஹனீபாவை நீதிபதி ஆக்க விரும்பினார். இமாம் மறுத்தார். சிறையில் போட்டார்கள். 767-ல் பாக்தாதில் காலமானார். அவர் உதறிய அந்தப் பதவியைப் பிற்காலத்தில் அபூயூசுப் ஏற்று, தலைமை நீதிபதியாகவே ஆனார்!

அதே 767-ல் பிறந்தவர் இமாம் ஷாபி. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் அவருடைய வழியினர். அவரும் 15 என்றுதான் சொன்னார். அவர் பாக்தாதில் பாடம் கேட்டது, மூலையில் நின்று தொழுத அந்த முகம்மது ஷைபானியிடம். ஆனால், அந்தச் சிறுவர் அன்று மறுபடியும் தொழுதிருக்க வேண்டியதில்லை என்பது ஷாபி வழியின் முடிவு.