கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் எனாமற் கலையும்

யாழ்ப்பாணத்து மரபில் வந்து உலகம் போற்ற வாழ்ந்த அறிஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவர். சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியாகிய எலிசபெத் அம்மையாருக்கும் மைந்தராக 1877ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 22ஆந் திகதி கொழும்பிற் பிறந்த இவர், இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார்.

இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றுத் தேறி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தார். தோரியனைற்று என்னும் கனியத்தைக் கண்டறிந்தவர் இவரே. பாறை தேடி ஊரூராகச் சென்றவருடைய கண்ணில், மலிவான இறக்குமதிப் பொருளின்முன் நிற்கலாற்றாது தொழிலிழந்து வாடிய கைவினைஞரும் பட்டனர். அன்றுமுதல் அவர் சிந்தை கல்லைவிட்டுக் கலையிற் பதிந்தது.

1907இல் இங்கிலாந்து திரும்பி, கைப்பணியாளர் சங்கமொன்று நிலைபெற்றிருந்த காம்டன் என்னும் ஊரின் அருகே குடியேறினார். அவர் மனைவியாரின் சகோதரர் பிரெட் பாற்றிட்ச் அச்சங்கத்தின் நகைக் கலைஞர். அவர்தம் துணைவியார் மே ஹார்ட் எனாமற் கலைஞர். இங்ஙனம் உலைக்களத்தை அருகிருந்து அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1913இல் வெளியிட்ட இந்திய இலங்கைக் கைப்பணி பற்றிய நூலிலே செய்ப்பூர் எனாமல் வேலைக்கும் இடமளித்தார்.

பொன்னிலே பள்ளஞ் செதுக்கி, நிறக் கண்ணாடித் தூளை நீரிற் குழைத்து நிரப்பி, உலையிலிட்டு உருக்குவதே அவ்வேலை. கோபாற்று நீலத்தையும் செம்பு பச்சையையும் தரும். மிகுந்த வெப்பந் தாங்கும் நிறங்கள் முன்னும், எளிதிற் கெடுஞ் சிவப்பு இறுதியிலுஞ் சுடப்படும். சிறிது பிந்தினும் பலநாள் உழைப்புப் பாழாகும். அறிவியல் நூல் பயிலாத கொல்லன், கனியங்களின் இவ்வியல்பைத் தந்தையின் உலைமுகத்தில் நின்றே கற்றான். உடலோடு ஒட்டி, காண்போர் கண்ணுக்கு மறைந்துகிடக்கும் அணியின் பின்புறத்தையும் அவன் எனாமலால் அழகுசெய்தான். நுண்கலை உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்னும் பிரிவினையைக் குமாரசுவாமி ஏற்காமைக்கு இத்தகைய பணியே தக்க சான்றாகும்.

1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் முப்பது ஆண்டு பணியாற்றிய அவர், அங்குப் பேணப்படும் பொருள்களிற் பெரும்பாலானவை ஒருகாலத்தில் வாழ்க்கைப் பயனுக்காகச் செய்யப்பட்டவையே என்பதை வற்புறுத்தி வந்தார். 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் 9ஆந் திகதி உலக வாழ்வை நீத்தார்.

பரீட்சையிற் சித்தியெய்தி உத்தியோகம் பெறுதலே கல்வியின் பயன் என எண்ணும் நம் மாணவர்க்கு அவர் வாழ்வு ஒரு பாடமாகும். விஞ்ஞானப் பட்டங்கள் பெற்ற அப்பெரியார், பட்டறைத் தரையில் அமர்ந்திருந்த தொழிலாளியிடமும் கற்கவேண்டியது உண்டெனக் கண்டார். அக்கண் நமக்கும் வாய்ப்பதாக.