ஜெஃபர்சனின் நிலவறையும் கூட்டப்படாத கணக்கும்

தாமஸ் ஜெஃபர்சன் என்றதும் 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனமே நினைவுக்கு வரும். அந்நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவியவர், கட்டடக் கலையில் தேர்ந்தவர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. நம்மிடையே அதிகம் பேசப்படாத முகம் ஒன்றும் உண்டு. பிரான்சின் உயர்தர ஒயின்களைச் சுவைத்துத் தரம் அறிவதிலும், தேர்ந்து வாங்கி நிலவறையில் முதிர வைப்பதிலும் அவருக்கு இணையானவர்கள் அக்கால அமெரிக்காவில் அரிது. மதுவின் பெருமையைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த நிலவறையின் கதையில் ஒரு பொருளாதாரப் பாடமும் ஒரு பெரும் முரணும் அடங்கியிருக்கின்றன.

ஜெஃபர்சன் 1743-இல் வர்ஜீனியாவின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1784-இல் பாரிஸ் சென்ற அவர், மறு ஆண்டே பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பிறகு பிரான்சுக்கான அமெரிக்கத் தூதரானார். 1787 பிப்ரவரி இறுதியில், முறிந்து சரியாகக் கூடாத வலது மணிக்கட்டுக்கு எக்ஸ் நகரின் வெந்நீர் ஊற்றில் சிகிச்சை பெறுவதற்காகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த அப்பயணம், பர்கண்டி, ரோன் பள்ளத்தாக்கு, வட இத்தாலி, போர்தோ என்று விரிந்தது. மணிக்கட்டு குணமாகவில்லை. ஆனால் மண், கொடி, கூலி, விலை ஆகியவை பற்றிய குறிப்புகள் நிறைந்தன.

பர்கண்டியில் அவர் கவனித்த ஒரு செய்தி எந்தப் பொருளாதார மாணவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பொமார், வோல்னே ஆகிய ஊர்களில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் நல்ல கோதுமை ரொட்டி உண்டனர். அடுத்திருந்த மெர்சோவிலோ ரை என்னும் மலிவான தானியத்தின் ரொட்டியே கிடைத்தது. காரணம் கேட்டார். முதலிரு ஊர்களில் விளைவது சிவப்பு ஒயின். மெர்சோவின் நிலத்தில் கல் மிகுதி என்பதால் அங்கே வெள்ளை ஒயின் மட்டுமே தயாரானது. வெள்ளை ஒயின் அடிக்கடி தரம் தவறி, விற்காமல் தேங்கும். ஆகவே, உரிமையாளரால் தொழிலாளிக்கு நல்ல ரொட்டி தர இயலவில்லை. மண்ணில் உள்ள சிறு வேறுபாடு மனிதரின் தட்டு வரை வந்து சேர்வதை ஜெஃபர்சன் வியப்போடு பதிவு செய்தார். புகழ்பெற்ற தோட்டங்களுக்குப் பக்கத்து நிலங்களிலும் அதே தரம் விளைவதாகச் சொல்லப்படுகிறது என்றும், அவை பெயர் அறியப்படாதவர்களுடையவை என்பதால் சாதாரண விலைக்கே போகின்றன என்றும் எழுதி வைத்தார். பொருளின் விலையில் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

மே மாதம் போர்தோவை அடைந்தார். அங்குள்ள வணிகர்களிடம் விசாரித்து மார்கோ, லத்தூர், ஓ பிரியோன், லஃபீத் ஆகிய நான்கு தோட்டங்களின் சிவப்பு ஒயின்களை முதல் தரத்தில் வைத்தார். 68 ஆண்டுகள் கழித்து, 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் தயாரித்த புகழ்பெற்ற தரப்பட்டியலிலும் இதே நான்கு பெயர்களே சிவப்பு ஒயின்களில் முதலிடம் பெற்றன. இரண்டுக்கும் அடிப்படை சந்தையின் நீண்டகால விலைகளே என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை.

இவ்வகை ஒயின் தயாரான உடனே அருந்தத் தக்கதன்று. புதிதாக இருக்கையில் துவர்ப்பு மிகுந்திருக்கும். வெளிச்சமும் வெப்ப ஏற்றத்தாழ்வும் இல்லாத நிலவறையில் சில ஆண்டுகள் கிடந்தால்தான் துவர்ப்பு தணிந்து மணமும் சுவையும் கூடிவரும். போர்தோவின் சிறந்த ஒயின்களுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் தேவை என்று ஜெஃபர்சன் குறித்திருக்கிறார். விளைந்த ஆண்டையும் அவர் கூர்ந்து பார்ப்பார். 1784-ஆம் ஆண்டு விளைச்சலையே விரும்பி, இக்கெம் தோட்டத்தின் இனிப்பான வெள்ளை ஒயினில் 250 புட்டிகளுக்கு ஆணை அனுப்பினார்.

இடைத்தரகர்கள் ஒயினில் கலப்படம் செய்வார்கள் என்ற ஐயம் அவருக்கு எப்போதும் இருந்தது. எனவே, பீப்பாய்களில் வாங்காமல், தோட்டத்திலேயே புட்டியில் அடைத்து முத்திரையிட்டு அனுப்புமாறு உரிமையாளர்களுக்கே எழுதினார். வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருக்கும் சந்தையில் நம்பகத்தன்மையை எப்படி உறுதி செய்வது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை இது. 1790-இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கும் தமக்குமாகச் சேர்த்து வரவழைத்தபோது, பெட்டிகளில் இருவரின் பெயரெழுத்துகளையும் தனித்தனியே பொறிக்கச் சொன்னார்.

1801 முதல் 1809 வரை குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவரது விருந்து மேசை அரசியல் களமாகவே விளங்கியது. ஆண்டுக்கு 25,000 டாலர் ஊதியம் பெற்ற அவர், எட்டு ஆண்டுகளில் ஒயினுக்கு மட்டும் 10,000 டாலருக்கு மேல் சொந்தப் பணத்தில் செலவிட்டார். அவரோ உணவோடு சில கோப்பைகள் அளவோடு அருந்துபவர். விஸ்கி போன்ற கடும் மதுவைத் தொடாதவர். மலிவான ஒயின் மீது உயர்ந்த சுங்க வரி விதித்தால் அது ஆடம்பரத்தின் மீதான வரியாகாது, எளிய மக்களை விஸ்கியின் பக்கம் தள்ளி அவர்களின் உடல்நலத்தையே பாதிக்கும் என்று வாதிட்டார்.

மான்டிசெல்லோவில் அவர் கட்டிய இல்லத்தில், உணவறைக்கு நேர் கீழே நிலவறை இருந்தது. உணவறைக் கணப்படுப்பின் இரு பக்கங்களிலும் கயிற்றில் ஏறி இறங்கும் சிறு பெட்டிகளைப் பொருத்தினார். கீழிருந்து புட்டி தானாக மேலே வந்ததுபோல் தோன்றும். அதை வைத்து அனுப்பிய கை விருந்தினரின் கண்ணில் படாது. அது அடிமையாக இருந்த ஒருவரின் கை.

முரண் இங்கேதான் தொடங்குகிறது. ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். 1784-இல் 19 வயது ஜேம்ஸ் ஹெமிங்ஸைப் பாரிசுக்கு அழைத்துச் சென்று பிரெஞ்சுச் சமையல் பயிற்றுவித்தார். ஹெமிங்ஸ் தம் தம்பிக்கு அக்கலையைக் கற்பித்த பிறகே, 1796-இல் விடுதலை பெற்றார். பின்னாளில் ஈடித் ஃபாசெட் என்ற அடிமைப் பெண், குடியரசுத் தலைவர் மாளிகையின் பிரெஞ்சுச் சமையல்காரரிடம் பயின்று மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரரானார். மேலே வந்த ஒயினுக்கேற்ற உணவை ஆக்கியவர் அவர்தாம்.

ஜெஃபர்சன் 1767 முதல் இறக்கும் வரை ஏறத்தாழ 60 ஆண்டுகள் அன்றாட வரவு செலவைக் குறித்து வந்தார். ஆனால் அவற்றைக் கூட்டி, தம் நிலையை அறியும் வழக்கம் அவருக்கு இல்லை. மாமனார் வழி வந்த கடன், வேளாண்மையில் வீழ்ச்சி, ஓயாத விருந்தோம்பல், நண்பர் ஒருவரின் 20,000 டாலர் கடனுக்குப் பிணை நின்றது என எல்லாம் சேர்ந்து அவரை அழுத்தின. ஒயின் அதில் ஒரு பகுதி மட்டுமே. 1815-இல் தம் நூலகத்தின் 6,487 நூல்களை நாடாளுமன்றத்துக்கு 23,950 டாலருக்கு விற்றார். போர்தோவின் உயர்தர ஒயின்களுக்குப் பதிலாகத் தென் பிரான்சின் மலிவான ஒயின்களை வரவழைத்தார். நிலவறையின் தரம் இறங்கியதே தவிர, கடன் இறங்கவில்லை.

பிரகடனத்தின் பொன்விழா நாளான 1826 ஜூலை 4 அன்று அவர் காலமானபோது கடன் 107,000 டாலர் அளவில் இருந்தது. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. வீட்டுப் பொருள்களோடு 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தனர். உயிலின்படி விடுதலை பெற்றவர்கள் ஐவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் ஈடித்தின் கணவரான கொல்லர் ஜோசப் ஃபாசெட். ஈடித்தும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர்.

ஒரு புட்டி ஒயினின் விலைக்கும் அதை விளைவித்தவர் உண்ணும் ரொட்டிக்கும் தொடர்பு உண்டு என்பதை மெர்சோவில் ஒரே நாளில் கண்டறிந்த கூர்மையான அறிவு அவருடையது. அந்தக் கேள்வியைத் தம் உணவறைக்குக் கீழே அவர் கேட்கவில்லை. அதனால் விளைந்த கடனை அடைத்தவர்கள் அந்த ஒயினைச் சுவைத்தவர்கள் அல்லர். ஏல மேடையில் குடும்பம் பிரிந்து நின்றவர்கள். ஜெஃபர்சனின் ரசனையையும் அறிவையும் மதிப்பிடும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும்.