புத்தகத்துக்கு வழி காட்டிய கணக்கு வாத்தியார்



பள்ளியில் உங்களுக்குப் புராஜெக்ட் கொடுக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் என்ன செய்கிறீர்கள்? கடைக்கு ஓடிப் படத்தாள் வாங்குவீர்கள். அல்லது கணினியில் முதலில் வருவதை அப்படியே எழுதிவிடுவீர்கள். சரிதானே?

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை என் வகுப்புக்குக் கட்டுரைத் தலைப்பு கொடுத்தேன். எல்லாரும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதி வந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஓர் ஆண்டு தவறாக அச்சாகியிருந்தது. அத்தனை நோட்டிலும் அதே தவறு! பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைப்பைக் கொடுத்த நான், நூலகத்தில் எப்படித் தேடுவது என்று சொல்லித் தரவில்லையே!

அதைச் சொல்லித் தருவதையே தன் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர்தான் 'இந்திய நூலகவியலின் தந்தை' எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேசும்போது நாக்குத் திக்கும். ஆனாலும் படிப்பில் சளைக்கவில்லை. சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பேச்சுத் திக்கும் அந்தப் பிள்ளைதான் பிறகு கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியரானார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகரை நியமிக்க விரும்பியது. ரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகத் தொழிலைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது! நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு என்ன செய்தார் தெரியுமா? பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தார். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள நல்ல புத்தகத்தைத் தேடிப் போனார். நீங்கள் புராஜெக்டைத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

1924 ஜனவரியில் வேலை கிடைத்தது. ஆனால் சில வாரங்களிலேயே அலுத்துவிட்டது. மாணவர்கள் சூழ இருந்து பழகியவருக்கு அந்தத் தனிமை பிடிக்கவில்லை. பழைய ஆசிரியர் வேலையே போதும் என்று திரும்பிப் போய்க் கேட்டார். லண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வரும்படியும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிடலாம் என்றும் முடிவாயிற்று.

லண்டனில் அவர் கண் திறந்தது. அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒருநாள் பெரிய கடை ஒன்றில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சிறு உலோகப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும்!

ரங்கநாதனின் மனத்தில் மின்னல் வெட்டியது. எந்தத் தலைப்பையும் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே! திருகாணிக்குப் பதிலாக முக்காற்புள்ளியை வைத்துத் துண்டுகளை இணைத்தார். முக்காற்புள்ளிக்கு ஆங்கிலத்தில் 'கோலன்' என்று பெயர். அதனால் அது கோலன் பகுப்புமுறை ஆயிற்று. ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே அந்த முறையில் அடுக்கிப் பார்த்தாராம்! 1933இல் அதை நூலாக வெளியிட்டார்.

1925இல் சென்னைக்குத் திரும்பியவர் கணித வேலையைக் கேட்கவே இல்லை. அந்தக் காலத்தில் பல நூலகங்களில் புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். வாசகர்கள் தொட்டுப் பார்க்க முடியாது. அவரோ வாசகர்கள் தாமே அலமாரிக்குச் சென்று எடுக்கும்படி செய்தார். தயங்கி நிற்பவரிடம் நூலகரே சென்று உதவ வேண்டும் என்று கற்பித்தார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகம் பூட்டி வைக்க அன்று, பயன்படுத்தவே என்பதுதான் அவற்றில் முதல் விதியின் கருத்து.

குழந்தைகளே, அவருடைய மெக்கானோ வித்தையை நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் தலைப்பு 'நெல்' என்று வைத்துக்கொள்வோம். வெறும் நெல் என்று தேடினால் திணறிப் போவீர்கள். நெல்லில் எதைப் பற்றி? நோயைப் பற்றி. அதில் என்ன? நோயைத் தடுப்பது. எங்கே? தஞ்சையில். எப்போது? இந்தக் காலத்தில். இப்போது தேட வேண்டியது தெளிவாகிவிட்டது அல்லவா?

முதலில் கலைக்களஞ்சியத்தைப் பாருங்கள். பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அந்தப் பொருளுக்குரிய அலமாரிக்குச் செல்லுங்கள். புத்தகத்தின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணைக் கவனியுங்கள். ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். குறைந்தது இரண்டு நூல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டும் எண்ணிக்கையும் வேறுபட்டால் மூன்றாவது நூலைத் தேடுங்கள். எந்த நூலில், எந்தப் பக்கத்தில் எடுத்தீர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். படித்ததை உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள்.

வழி தெரியாவிட்டால் நூலகரிடம் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்று ரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டார். அதன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்க அது வழி செய்தது. ஆக, உங்கள் ஊர் நூலகம் ஊரார் பணத்தில் நடப்பது. அதில் உங்களுக்கும் உரிமை உண்டு.

1957இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ரங்கநாதன், 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அவர் நினைவாக ஆகஸ்ட் 12ஆம் நாளை நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அடுத்த புராஜெக்ட் வந்ததும் கடைக்கு ஓடாமல் நூலகத்துக்குப் போவீர்கள்தானே? போகும்போது பென்சிலும் ஒரு குறிப்பேடும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்!