ஆற்றேறும் மீனும் ஓர் அதிகாரியும்
(சர் பிரெடரிக் நிக்கல்சன், 1846 - 1936)

கூட்டுறவு என்றதும் மலேசியத் தமிழர்களின் நினைவுக்கு வருவது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கிக் காட்டிய சங்கம் அது. இந்தக் கூட்டுறவுச் சிந்தனையைத் தமிழ் மண்ணில் முதலில் விதைத்தவர்களுள் ஒருவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி என்பதைப் பலர் அறிவர். அவரே சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடிகோலியவர் என்பதைச் சிலரே அறிவர்.

பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் 1846இல் பிறந்தார். 1869இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். வரி வசூலிப்பதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணுபவரல்லர் அவர். 1887இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு அவர் எழுதியதே. ஊர் ஊராகச் சென்றவரின் கண்ணில் பட்டது உழவரின் கடன் சுமை. கடன் வாங்கி விதைத்து, அறுத்ததைக் கடனுக்கே கொடுத்துவிட்டு, மீண்டும் கடன் வாங்கும் வாழ்க்கை அது.

இதற்கு வழி காணுமாறு 1892இல் அரசு அவரைப் பணித்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் வளர்த்த கிராமக் கடன் சங்கங்களை அவர் ஆராய்ந்தார். 1895லும் 1897லும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஏழைகளுக்குத் தேவை தருமம் அன்று. ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் சங்கம்தான் என்பது அவர் கண்ட முடிவு. 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது அதன் பின்னால் அவருடைய உழைப்பும் இருந்தது.

அப்போது அவருக்கு வயது 58. பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியிருக்கலாம். ஆனால், 1905இல் மாகாணத்தின் மீன்பிடித் தொழிலை ஆராயும் பொறுப்பை ஏற்றார். 1907இல் மீன்வளத் துறை உருவானது. அதன் மதிப்புறு இயக்குநராக, சம்பளம் பெறாமல் பணியாற்றினார். ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள மீன்பிடி முறைகளை நேரில் கண்டு எழுதினார்.

பெரிய நீராவிக் கப்பல்களை இறக்கினால் மீன் குவியும் என்பது அன்று பலரின் எண்ணம். நிக்கல்சன் வேறு விதமாகச் சிந்தித்தார். மீன் பெருகி மீனவன் அழிந்தால் என்ன பயன்? கட்டுமரம் ஓட்டுபவனைப் படிப்படியாக உயர்த்துவதே துறையின் வேலை என்று அவர் கருதினார். மலபார்க் கரையில் கரையோரம் குவிந்து அழுகிய மத்தி மீனைப் புதிதாகவே வேகவைத்து எண்ணெயும் உரமும் எடுக்கச் செய்து காட்டினார். அதைப் பார்த்து ஊர்க்காரர்களே சிறு ஆலைகளைத் தொடங்கினர். அவர் தொடங்கிய துறை பின்னாளில் மீனவர் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் நடத்தியது.

கடலைப் போலவே ஆறும் அவர் கவனத்தில் இருந்தது. தமிழில் ‘உள்ளம்’ எனப்படும் மீன் கடலில் வாழும். முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும். வங்காளிகள் உயிராக மதிக்கும் ஹில்சா இதுதான். நம் நாட்டுத் ‘தெருபோக்’ மீனும் இதன் நெருங்கிய உறவு. மேல்நாட்டுச் சால்மன் மீனின் பயணமும் இத்தகையதே. ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுந்தால் இம்மீன்களின் வழி அடைபடும். கொள்ளிடத்தில் 1836இல் கட்டப்பட்ட கீழணை அப்படிப்பட்ட ஒரு தடை.

அமெரிக்காவில் ஹில்சாவின் இனமான ‘ஷாட்’ மீனை 1870களிலேயே பொரிப்பகங்களில் பெருக்கினர். அதே முயற்சி கொள்ளிடத்திலும் நடந்தது. நிக்கல்சனின் துறையைச் சேர்ந்த எச்.சி. வில்சன் 1909இல் உள்ளம் மீனின் முட்டையைப் பிழிந்தெடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, குஞ்சு பொரிக்கச் செய்தார். எளிய வேலையன்று அது. முதிர்ந்த ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். வலையில் சிக்கிய உள்ளமோ விரைவில் இறந்துவிடும். பின்னர், சுந்தர ராஜ் என்ற தமிழக அறிஞர் இந்த ஆய்வைத் தொடர்ந்து 1917இல் கட்டுரை வெளியிட்டார்.

இதே வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் 1907 வாக்கில் ட்ரவுட் மீனுக்கும் பொரிப்பகம் அமைத்தார். அந்த மீன் மலை ஓடைகளில் நிலைத்துவிட்டது. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்கிய துரைமார்களுக்காக வந்த மீன் அது. மீனவனின் வயிற்றுக்கான உள்ளம் மீனோ பெருகவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் அதன் வரவு மேலும் குன்றியது. பொரிப்பகம் குஞ்சைத் தரலாம்; அது போய்வர ஆற்றைத் தர இயலாது.

நிக்கல்சன் 1918 வரை துறையை வழிநடத்தினார். பின்னர்க் குன்னூரில் வாழ்ந்து 1936இல் மறைந்தார். அவர் காலனி ஆட்சியின் அதிகாரிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரு திட்டத்தைப் பிடித்த மீனின் எடையால் மட்டும் அளக்காமல், பிடித்தவன் வீட்டு அடுப்பையும் பார்த்து அளந்தவர் அவர்.

அந்த அளவுகோல் இன்றும் தேவைப்படுகிறது. கங்கையில் 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணை ஹில்சாவின் வழியை மறித்தது. அண்மை ஆண்டுகளில் இந்திய ஆய்வாளர்கள் அணைக்கு மேலே ஹில்சா மீன்களைக் கொண்டுபோய் விடுகின்றனர். நம் நாட்டில் சரவாக்கின் தெருபோக் மீனும் அருகி வருகிறது. நண்பர்களே, நம்மில் நாளை பொறியியலாளராகி அணை கட்டுபவரும் இருப்பர். உயிரியல் கற்று மீன் வளர்ப்பவரும் இருப்பர். இருவரும் வரைபடத்தை விரிக்கும்போது, ஆற்றின் முகத்துவாரத்தில் வலையோடு காத்திருப்பவனையும் அதில் குறித்துக்கொள்ள வேண்டும். நிக்கல்சனின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.